சிறுநீரகம் தளர்ந்தால் ஆண் ஹார்மோன் ஏன் குறைகிறது? – வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

இந்த இதழுக்கு இராமநாதபுரம் மாவட்டக் கடற்கரை ஊர்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்து, ஒன்றையொன்று அறியாமலே ஒரே பொருளைப் பற்றி எழுதப்பட்டிருந்தன. நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு, விந்தகத்தின் ஹார்மோன் உற்பத்தியை எப்படிப் பாதிக்கிறது என்பதே அந்தப் பொருள். எழுதியவர்கள் அனைவரும் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், ஊர்ப் பெயரை மட்டும் தருகிறோம்.

கேள்வி: எனக்கு வயது 38. பதினைந்து வருடம் விசைப்படகில் கடலுக்குப் போனவன். ஒன்றரை வருடமாக, வாரம் இரண்டு முறை இராமநாதபுரம் சென்று டயாலிசிஸ் செய்துகொள்கிறேன். சில மாதங்களாக மனைவியின் மேல் ஆசை என்பதே எழுவதில்லை. முன்பு இரண்டு நாளைக்கு ஒருமுறை சவரம் செய்வேன். இப்போது வாரம் ஒருமுறை போதும். மார்பு லேசாக வீங்கி, சட்டை உரசினாலும் வலிக்கிறது. கெட்டுப்போனது சிறுநீரகம்தானே? அதற்கும் ஆண்மைக்கும் என்ன சம்பந்தம்? – வாசகர், தங்கச்சிமடம்

பதில்: இதை எழுதுவதற்கு உங்களுக்கு எவ்வளவு தயக்கம் இருந்திருக்கும் என்பதை அறிவேன். டயாலிசிஸ் அறையில் உங்கள் எடையைக் கேட்கிறோம், ரத்த அழுத்தத்தைப் பார்க்கிறோம், எவ்வளவு தண்ணீர் குடித்தீர்கள் என்று கண்டிக்கிறோம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் இந்த மூன்று மாற்றங்களையும் நாங்களாக முன்வந்து கேட்பது அரிது. அது மருத்துவர்களாகிய எங்கள் பக்கத்துக் குறை. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஆண்களில் மிகப் பலருக்கு ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டீரோனின் அளவு குறைந்தே இருக்கிறது. நீங்கள் சொல்லும் ஆசைக்குறைவு, மயிர் வளர்ச்சி குறைவது, மார்பு வீக்கம் ஆகிய மூன்றும் அந்த ஒரே காரணத்தை நோக்கிக் கை காட்டுகின்றன.

முதலில், உடல் நலமாக இருக்கும்போது இந்த ஹார்மோன் எப்படி உருவாகிறது என்பதைப் பார்ப்போம். பேச்சு வழக்கில் நாம் விதை என்று சொல்லும் விந்தகத்தில் இரு வகை வேலைகள் நடக்கின்றன: ஒன்று விந்தணு உற்பத்தி, மற்றொன்று டெஸ்டோஸ்டீரோன் உற்பத்தி. இரண்டாவது வேலையைச் செய்பவை, 1850-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் ஃபிரான்ஸ் லீடிக் விவரித்ததால் அவர் பெயராலேயே வழங்கும் லீடிக் செல்கள். அவை ஒரு நாளைக்குச் சில மில்லிகிராம் அளவே சுரக்கின்றன. அந்தச் சிறிய அளவுதான் தாடியையும் தசையையும் எலும்பின் உறுதியையும் ஆசையையும் காக்கிறது, எலும்பு மஜ்ஜையில் ரத்தச் சிவப்பணு உருவாகவும் துணை செய்கிறது. ஆனால் லீடிக் செல்கள் தாமாக வேலையைத் தொடங்குவதில்லை. மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைபோதலாமஸ், ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு சிறு சமிக்ஞையைத் துடிப்பாக அனுப்புகிறது. அதைப் பெற்ற பிட்யூட்டரி சுரப்பி, எல்.ஹெச். என்னும் ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது, அந்த எல்.ஹெச். விந்தகத்துக்கு வந்து லீடிக் செல்லைத் தட்டி எழுப்புகிறது. உங்கள் தொழிலை வைத்துச் சொன்னால், படகின் சொந்தக்காரரான சம்மாட்டி சொல்ல, படகு டிரைவர் கேட்டு நடத்த, வலை இழுப்பவர்கள் வேலையை முடிப்பது போன்ற ஏற்பாடு இது. சிறுநீரகம் செயலிழக்கும்போது இந்த மூன்று இடங்களிலும் ஒரே நேரத்தில் கோளாறு ஏற்படுகிறது என்பதுதான் உங்கள் கேள்விக்கான விடை.

கடைசி இடமான விந்தகத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அடி அங்கேதான் பலமாக விழுகிறது. சிறுநீரகம் வெளியேற்றாமல் விட்ட கழிவுகள் ரத்தத்தில் தேங்கும்போது லீடிக் செல்களின் செயல்திறன் குன்றுகிறது. இதை மருத்துவர்கள் ஊகமாகச் சொல்லவில்லை. எல்.ஹெச். போலவே வேலை செய்யும் ஹெச்.சி.ஜி. என்னும் ஊசியைச் செலுத்தினால், ஆரோக்கியமான ஆணுக்கு டெஸ்டோஸ்டீரோன் நன்கு உயரும். சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவருக்கோ அந்த ஏற்றம் மந்தமாகவே இருக்கும். கட்டளை போதுமான அளவு வந்தாலும் அதை நிறைவேற்றும் சக்தி அங்கே இல்லை என்பதை இது காட்டுகிறது. 1990-களில் நடந்த ஆய்வு இன்னொரு செய்தியையும் சொன்னது: சிறுநீரக நோயுள்ள சிறுவர்களின் ரத்தத்தில், லீடிக் செல்லின் மேல் எல்.ஹெச். வந்து ஒட்டும் இடமான ஏற்பியைத் தடுக்கும் தன்மை இருந்தது. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறையக் குறைய அந்தத் தடை மிகுந்தது.

சரி, உற்பத்தி குறைந்தால் பிட்யூட்டரி தன் குரலை உயர்த்த வேண்டுமல்லவா? உயர்த்துகிறது. ஆகவேதான் உங்களைப் போன்றவர்களின் ரத்தத்தில் எல்.ஹெச். அளவு சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆனால் அந்தக் கூடுதலில் ஒரு பகுதி, எல்.ஹெச்.சை ரத்தத்திலிருந்து அகற்றும் பணியில் பங்குகொள்ளும் சிறுநீரகம் அதைச் செய்யாததால் தேங்கியது. அதாவது ரிப்போர்ட்டில் காணும் எண் உண்மையான முயற்சியைவிடப் பெரிதாகத் தெரிகிறது. விந்தகம் மட்டுமே பழுதான, சிறுநீரகம் நலமாயுள்ள ஒருவரிடம் எல்.ஹெச். எவ்வளவு ஏறுமோ, அவ்வளவு இங்கே ஏறுவதில்லை. காரணம், தலைமையிடமான ஹைபோதலாமஸின் துடிப்பே வலுவிழந்திருக்கிறது.

அதை வலுவிழக்கச் செய்வதில் புரோலாக்டின் என்னும் மற்றொரு ஹார்மோனுக்குப் பங்குண்டு. தாய்மாருக்குப் பால் சுரக்க உதவும் இந்த ஹார்மோன் ஆண்களிடமும் சிறிதளவு உண்டு. சிறுநீரகச் செயலிழப்பில் அது கூடுதலாகச் சுரக்கிறது, வெளியேறுவதும் குறைகிறது. உயர்ந்த புரோலாக்டின், ஹைபோதலாமஸின் துடிப்பை அடக்கி, ஆசையையும் மட்டுப்படுத்துகிறது. வாந்திக்காக அடிக்கடி விழுங்கும் மெட்டோகுளோபிரமைடு மாத்திரை இதை மேலும் உயர்த்தும் என்பதைப் பலர் அறிவதில்லை. உங்கள் மார்பு வீக்கத்துக்கு, டெஸ்டோஸ்டீரோனுக்கும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்கும் இடையே இருக்க வேண்டிய விகிதம் குலைந்ததே பெரும்பாலும் காரணம். உடலில் தேங்கிய நீரை வெளியேற்றத் தரும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை எடுத்துவந்தால் அதுவும் காரணமாகலாம். வீக்கம் ஒரு பக்கம் மட்டும் கல்போல் கெட்டியாக இருந்தாலோ, காம்பிலிருந்து ரத்தம் கசிந்தாலோ, தாமதமின்றி அறுவைச் சிகிச்சை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

டயாலிசிஸ் செய்தும் ஏன் சரியாகவில்லை என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். சிறுநீரகங்கள் வாரத்தின் 168 மணி நேரமும் ஓய்வில்லாமல் உழைப்பவை. வாரம் இரண்டு முறை, முறைக்கு நான்கு மணி நேரம் என்றால் எட்டு மணி நேரமே உங்கள் ரத்தம் சுத்திகரிக்கப்படுகிறது. அது உயிரைக் காக்கிறது; ஆனால் இந்த ஹார்மோன் சங்கிலியைப் பழைய நிலைக்குக் கொண்டுவர அது பெரும்பாலும் போதுவதில்லை. ஆகவே டயாலிசிஸை வீண் என்று எண்ணி ஒருமுறைகூடத் தவறவிடாதீர்கள். வாரம் மூன்று முறையாக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

இனிச் செய்ய வேண்டியது. ஹீமோகுளோபின் குறைந்திருந்தால் சிவப்பணு உருவாவதைத் தூண்டும் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் இரும்புச்சத்தும் கொடுத்து அதைச் சரிசெய்வது, சோர்வோடு ஆசைக்குறைவையும் ஓரளவு மாற்றுகிறது. பாஸ்பரசும் பாராதைராய்டு ஹார்மோனும் கட்டுக்குள் இருக்க வேண்டும். நீங்கள் உண்ணும் எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவற்றுள் எது இதைக் கூட்டுகிறது, எதை மாற்றலாம் என்பதை அவர் சொல்வார், நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். ஆசை இருந்தும் விறைப்பு வராதவர்களுக்கு, ஹார்மோனைவிட ரத்தக் குழாய்களும் நரம்புகளும் பழுதாகியிருப்பதே முதன்மையான காரணமாக இருக்கலாம், குறிப்பாகச் சர்க்கரை நோயாளிகளுக்கு. அதற்கான மாத்திரைகளைச் சிறுநீரக நோயாளிகளுக்குக் குறைந்த அளவில்தான் தொடங்குவோம். நெஞ்சுவலிக்காக நாக்குக்கு அடியில் வைக்கும் நைட்ரேட் மாத்திரை எடுப்பவர்கள் அவற்றைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

உங்கள் மனைவியிடம் இந்தப் பதிலை வாசிக்கக் கொடுங்கள். தன்மேல் வெறுப்பு வந்துவிட்டதோ என்று அவர் மனத்துக்குள் மறுகிக்கொண்டிருக்கக் கூடும்.

கேள்வி: என் வயது 45. கிரியாட்டினின் 4. இன்னும் டயாலிசிஸ் தொடங்கவில்லை. லேபில் மாலை 5 மணிக்கு ரத்தம் கொடுத்ததில் டெஸ்டோஸ்டீரோன் 260 என்று வந்திருக்கிறது. பயப்பட வேண்டுமா? – வாசகர், பாம்பன்

பதில்: சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் உங்களுக்குக் கூடியிருக்கிறது. ஆனால் டெஸ்டோஸ்டீரோன் அதிகாலையில் உச்சத்தில் இருந்து மாலைக்குள் இறங்கிவிடும் என்பதால், மாலை 5 மணி எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது. காலை 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையே, வெறும் வயிற்றில், வெவ்வேறு நாளில் இரண்டு முறை எடுங்கள். காய்ச்சலோ பிற நோயோ இருக்கும் நாளில் எடுக்க வேண்டாம். இரண்டு முறையும் ஒரு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்குக் கீழே இருந்து, அறிகுறிகளும் இருந்தால் மட்டுமே குறைபாடு என்று கொள்கிறோம். அப்போது எல்.ஹெச்., பிட்யூட்டரி சுரக்கும் மற்றொரு ஹார்மோனான எஃப்.எஸ்.ஹெச்., புரோலாக்டின் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இந்தக் குறைவு டயாலிசிஸ் நிலைக்கு முன்பே, வடிகட்டும் திறன் இறங்கும்போதே தொடங்கிவிடுவதுண்டு. ஆகவே உங்கள் சந்தேகம் நியாயமானது, நேரம்தான் தவறு.

கேள்வி: என் கணவருக்கு வயது 34. வளைகுடாவில் வேலை பார்த்தவர், சிறுநீரகம் பழுதானதால் ஊர் திரும்பினார். எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை. என் மாமியார் தம் சிறுநீரகத்தைத் தர முன்வந்திருக்கிறார். மாற்று அறுவைச் சிகிச்சைக்கான பரிசோதனைகள் நடக்கின்றன. இதற்கிடையே அசதிக்காகப் பார்த்த ஒரு மருத்துவர், ஆண் ஹார்மோன் குறைவு என்று சொல்லி மூன்று வாரத்துக்கு ஒருமுறை டெஸ்டோஸ்டீரோன் ஊசி போடுகிறார். இதனால் குழந்தைப்பேறு விரைவாகுமா? – வாசகி, கீழக்கரை

பதில்: சகோதரி, ஆகாது, இந்த ஊசி நீங்கள் விரும்புவதற்கு நேர் எதிரான பலனைத் தரக்கூடும். இதைத் தெளிவாகவும் அவசரமாகவும் சொல்ல விரும்புகிறேன்.

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரோன் ஏறியதும், போதுமான அளவு இருக்கிறது என்று மூளை எண்ணி எல்.ஹெச்., எஃப்.எஸ்.ஹெச். இரண்டையும் நிறுத்திவிடுகிறது. விந்தணு உருவாவதற்கு எஃப்.எஸ்.ஹெச். வேண்டும், அத்துடன் விந்தகத்துக்கு உள்ளேயே, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அடர்த்தியான டெஸ்டோஸ்டீரோன் இருக்க வேண்டும். ஊசி ரத்தத்தின் அளவை உயர்த்துகிறதே தவிர, விந்தகத்துக்கு உள்ளே இருக்கும் அளவை வற்றச் செய்கிறது. விந்தணு எண்ணிக்கை பூஜ்ஜியத்துக்கே இறங்குவதும் உண்டு. டெஸ்டோஸ்டீரோன் ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே உலக சுகாதார நிறுவனம் ஆய்வு செய்திருக்கிறது என்றால், அதன் வலிமையை நீங்களே புரிந்துகொள்வீர்கள். நிறுத்திய பின் பெரும்பாலோருக்கு எண்ணிக்கை மீள்கிறது. அதற்கு மாதங்கள் ஆகும். குழந்தை வேண்டாத, இரண்டு முறை பரிசோதித்துக் குறைபாடு உறுதியான ஒருவருக்கு இதே ஊசி நல்ல மருந்துதான். அப்போதும் புராஸ்டேட் சுரப்பியையும், ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டியாகிறதா என்பதையும் கவனித்தபடியே தர வேண்டும். உங்கள் கணவருக்கு அது பொருந்தவில்லை. ஊசி போடும் மருத்துவரிடமும் சிறுநீரக மருத்துவரிடமும் குழந்தை விருப்பத்தைச் சொல்லி, அதை நிறுத்துவது குறித்து இந்த வாரமே பேசுங்கள்.

நம்பிக்கை தரும் செய்தி என்னவென்றால், மாற்றுச் சிறுநீரகம் நன்றாக வேலை செய்யத் தொடங்கினால், மேலே தங்கச்சிமடம் வாசகருக்கு விவரித்த அந்தச் சங்கிலி பெரும்பாலும் சீராகிறது. புரோலாக்டின் இறங்குகிறது, தேங்கிய எல்.ஹெச். வடிகிறது, சில மாதங்களுக்குள் டெஸ்டோஸ்டீரோன் பலருக்கு இயல்பான அளவை எட்டுகிறது. விந்தணு மீள்வது அதைவிட மெதுவானது. ஒரு விந்தணு உருவாவதற்கே ஏறத்தாழ 74 நாள் ஆகும், எல்லாருக்கும் முழுமையாக மீள்வதும் இல்லை. மாற்று சிகிச்சைக்கு முன் எஃப்.எஸ்.ஹெச். மிக உயர்ந்திருந்தால், விந்தணுவை உருவாக்கும் நுண்குழல்கள் ஆழமாகப் பழுதாகியிருக்கலாம் என்பதற்கு அது ஓர் அறிகுறி. நீண்ட காலம் டயாலிசிஸில் இருந்தவர்களைவிட, விரைவில் மாற்று சிகிச்சை பெறுபவர்களுக்கு வாய்ப்பு மேல் என்பதால், உங்கள் மாமியாரின் தானம் உங்கள் கணவரின் உயிரோடு இந்த விருப்பத்துக்கும் துணை நிற்கிறது.

மாற்று சிகிச்சைக்குப் பின் உறுப்பை உடல் நிராகரிக்காமலிருக்கத் தரும் மருந்துகளில் சிரோலிமஸ் என்பது டெஸ்டோஸ்டீரோனையும் விந்தணுவையும் குறைக்கக்கூடியது. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே எங்களுக்குக் குழந்தை வேண்டும் என்று நீங்கள் சொல்லிவிட்டால், மருந்துத் திட்டத்தை அதற்கேற்ப வகுக்க மருத்துவர்களால் முடியும். இப்போதே ஒரு விந்துப் பரிசோதனை செய்து, அணுக்கள் இருந்தால் உறைநிலையில் சேமித்து வைப்பதையும் யோசியுங்கள். சிறுநீரக அழற்சிக்காக சைக்ளோபாஸ்பமைடு மருந்து பெறவிருக்கும் இளைஞர்கள் அனைவருக்கும் இந்தச் சேமிப்பைக் கட்டாயம் எடுத்துச் சொல்ல வேண்டும். அந்த மருந்து விந்தணுவை உருவாக்கும் மூல செல்களையே தாக்குவது.

கேள்வி: டயாலிசிஸ் செய்துகொள்ளும் எனக்கு, கடல் குதிரையைக் காயவைத்துப் பொடித்துப் பாலில் சாப்பிட்டால் ஆண்மை திரும்பும் என்று ஊரில் ஒருவர் தருகிறார். கடல் அட்டையும் நல்லது என்கிறார்கள். இளநீரும் தினம் குடிக்கச் சொல்கிறார்கள். – வாசகர், மண்டபம்

பதில்: மூன்றும் வேண்டாம். கடல் குதிரைப் பொடியோ கடல் அட்டையோ சிறுநீரகச் செயலிழப்பில் டெஸ்டோஸ்டீரோனை மீட்கும் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை. மன்னார் வளைகுடாவின் இந்த உயிரினங்கள் இரண்டும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வருபவை. பிடிப்பதும் விற்பதும் குற்றம். ஆண்மைப் பொடி, லேகியம் என்று விற்கப்படுபவற்றில் சொல்லாமல் கலக்கப்பட்ட, விறைப்புக்கான சில்டெனாஃபில் மாத்திரைத் தூளும், ஈயம், பாதரசம் போன்றவையும் கண்டறியப்பட்டிருக்கின்றன. எஞ்சியிருக்கும் சிறுநீரகத் திறனையும் அந்த உலோகங்கள் போக்கிவிடக்கூடும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி. அதை வெளியேற்ற இயலாத உங்கள் உடலில் அது இதயத் துடிப்பையே நிறுத்திவிடலாம்.

துத்தநாகக் குறைவுக்கும் டெஸ்டோஸ்டீரோன் குறைவுக்கும் தொடர்பு உண்டு என்பது உண்மை. ஆனால் மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லை. ரத்தப் பரிசோதனையில் குறைவு என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் தரலாம். உங்கள் ஊரில் கிடைக்கும் பச்சை மீனும் நண்டும், உணவு ஆலோசகர் குறித்துத் தரும் அளவில், நல்ல புரதத்தோடு அந்தச் சத்தையும் தரும். கருவாடு மட்டும் கூடாது. அதன் உப்பு தாகத்தைக் கூட்டி, இரண்டு டயாலிசிஸுக்கு இடையே எடையை ஏற்றிவிடும்.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது முடியப் போகிறது. பிறவியிலேயே சிறுநீர்ப் பாதையில் அடைப்பு இருந்து, சிறுநீரகம் பாதிக்கப்பட்டவன். கூடப் படிப்பவர்களுக்கெல்லாம் குரல் உடைந்து மீசை அரும்பிவிட்டது. இவன் இன்னும் சிறு பையனாகவே இருக்கிறான். பள்ளிக்குப் போகவே கூசுகிறான். இது மாறுமா? – ஒரு தாய், தேவிபட்டினம்

பதில்: அம்மா, பெரும்பாலும் மாறும், ஆனால் காத்திருந்து பார்க்கும் கட்டம் கடந்துவிட்டது. சிறுநீரகச் செயலிழப்பு உள்ள சிறுவர்களுக்குப் பருவ வளர்ச்சி சராசரியாக இரண்டு முதல் இரண்டரை ஆண்டு பிந்துகிறது. பெரியவர்களிடம் நடப்பதே இங்கும் நடக்கிறது: மூளையின் துடிப்பு எழ வேண்டிய வயதில் வலுவாக எழுவதில்லை, எழும் சமிக்ஞையையும் விந்தகம் முழுமையாக ஏற்பதில்லை. அழற்சிக்காக நீண்ட நாள் ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் அதுவும் தாமதப்படுத்தும்.

ஆண் பிள்ளையின் பருவ மாற்றத்துக்கு முதல் அடையாளம் மீசையோ குரலோ அல்ல, விந்தகம் பெரிதாவதுதான். அளவு எழுதிய மணிகள் கோத்த ஒரு சரத்தை அருகில் வைத்து ஒப்பிட்டு, மருத்துவர் அதை அளப்பார். 4 மில்லிலிட்டர் மணியின் அளவை எட்டியிருந்தால் பருவம் தொடங்கிவிட்டது என்று பொருள். வெளியில் ஒன்றும் தெரியாத போதே அது தொடங்கியிருக்கலாம். 14 வயதுக்குப் பின்னும் அந்த வளர்ச்சி இல்லையென்றால் விசாரிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே குழந்தைகள் சிறுநீரக மருத்துவரோடு நாளமில்லாச் சுரப்பி மருத்துவரையும் இந்த மாதமே பாருங்கள். இடது மணிக்கட்டை எக்ஸ்-ரே எடுத்து எலும்பின் வயதைக் கணிப்பார்கள்; எலும்பு இன்னும் இளமையாக இருந்தால் உயரம் கூட இடம் உண்டு. வளர்ச்சி ஹார்மோன் ஊசியோ, மிகச் சிறிய அளவில், சில மாதங்கள் மட்டும் டெஸ்டோஸ்டீரோனோ தேவையா என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். அளவு மிகுந்தால் எலும்பின் முனைகள் விரைவில் மூடி உயரம் நின்றுவிடும் என்பதால், இதை வேறு யாரிடமும் செய்துகொள்ளக் கூடாது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பின் பருவம் வேகமெடுத்த பிள்ளைகள் பலர்.

மருத்துவரிடம் போகும்போது, பரிசோதனை முடிந்ததும் சிறிது நேரம் நீங்கள் வெளியே அமர்ந்து, மகனை மருத்துவரோடு தனியாகப் பேச விடுங்கள். உங்கள் முன்னால் கேட்கக் கூசும் ஒரு கேள்வி அவனிடம் நிச்சயம் இருக்கும்.